எச்சில் யாருடையது?

வனவாசத்தில் இருந்த பாண்டவர்களுக்குச் சூரிய பகவான் அட்சய பாத்திரம் கொடுத்த கதை நமக்கெல்லாம் தெரியும். எத்தனை ரிஷிகள் வந்தாலும் பந்தி நடக்கும், சோறு குறையாது. ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் திரௌபதி சாப்பிட்டுவிட்டாளானால் அன்றைய கணக்கு முடிந்தது. ஒரு நாள் அவள் சாப்பிட்டுப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்ட வேளை பார்த்துத் துர்வாசர் தம் சீடர் கூட்டத்தோடு வந்து நின்றார். "ஆற்றில் நீராடிவிட்டு வருகிறோம், அன்னம் தயாராகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். திரௌபதி கலங்கி அழைத்ததும் கண்ணன் ஓடி வந்தான். பாத்திரத்தை வாங்கிப் பார்த்தான். விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பருக்கையையும் கீரைத் துணுக்கையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். ஆற்றில் நின்ற துர்வாசருக்கு ஏப்பம் வந்தது.

பக்திக்காகச் சொல்லப்படும் இந்தக் கதையில் எனக்கு வேறொரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. சமைக்கிற சிரமத்தைத் தீர்க்கத் தெய்வமே ஒரு பாத்திரம் தந்தது. கழுவுகிற சிரமத்தை மட்டும் தெய்வமும் திரௌபதியிடமே விட்டுவிட்டது! ஐந்து கணவன்மார் இருந்தார்கள். அவர்களில் பீமன் பிற்பாடு விராட நகரத்தில் சமையற்காரனாகவே வேலை பார்த்தவன். ஆனாலும் நமக்குச் சொல்லப்படும் கதையில் பாத்திரத்தைக் கழுவியது திரௌபதிதான். பருக்கை ஒட்டியிருந்தது அன்றைக்கு நல்லதாகப் போயிற்று. குந்தி தேவி அப்போது அஸ்தினாபுரத்தில் விதுரர் வீட்டில் இருந்தாள். கூட இருந்திருந்தால், "பாத்திரம் கழுவிய லட்சணத்தைப் பார்" என்று மருமகளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவும் கூடும்.

சமையலுக்குக் கைமணம் உண்டு, புகழ் உண்டு. "அவள் வைத்தால் ரசம்" என்று ஊரே சொல்லும். "அவள் கழுவினால் கழுவல்" என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நன்றாகக் கழுவியதை யாரும் கவனிப்பதில்லை. ஒரு பருக்கை ஒட்டியிருந்தால்தான் கவனிக்கிறார்கள். உலகத்தில் பல அவசியமான வேலைகளின் தலைவிதி இதுதான்.

திருநெல்வேலிப் பக்கத்தில் பாத்திரத்தை 'ஏனம்' என்போம். ஏனம் கழுவுகிற இடத்துக்கு 'அங்கணம்' என்று பெயர். வள்ளுவரே ஆண்ட பழைய சொல் அது. பித்தளையும் செம்பும் புழங்கிய வீடுகளில் ஏனத்தைக் கழுவினால் மட்டும் போதாது, விளக்க வேண்டும். சாம்பல், புளி, தேங்காய் நார், செங்கல் பொடி எல்லாம் அங்கணத்தின் ஓரத்தில் ஒரு சிரட்டையில் இருக்கும். ஆற்றங்கரைக்காரர்களுக்குத் தாமிரபரணி மணலே போதும். ஏனத்தைத் தேய்ப்பதும் விளக்குவது. தெரியாத பொருளைச் சொல்வதும் விளக்குவது. இருட்டில் ஏற்றி வைப்பதும் விளக்கு. நம் முன்னோர் இந்த மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்தார்கள். அழுக்கை நீக்கினால் உள்ளே இருக்கிற ஒளி தானே தெரியும் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இருப்பதாக எனக்குத் தோன்றும். ஆனால் சொல்லுக்குக் கொடுத்த மரியாதையை, அங்கணத்தில் குந்தி உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு நாம் கொடுத்தோமா என்றால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

மேல்நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில், இல்லினாய் மாகாணத்தின் ஷெல்பிவில் என்ற சிற்றூரில், ஜோஸபின் காக்ரன் என்றொரு வசதியான சீமாட்டி இருந்தாள். அவளுடைய அருமையான பீங்கான் தட்டுகளை வேலைக்காரர்கள் கழுவும்போது விளிம்பு பெயர்த்துவிடுகிறார்கள் என்று அவளுக்குக் கோபம். தானே கழுவிப் பார்த்தாளாம், அதுவும் பிடிக்கவில்லையாம். பிறகு கணவன் இறந்தான்; கடன்தான் மிச்சம். அதற்குப் பிறகுதான், விளையாட்டாக மனத்தில் இருந்த யோசனை பிழைப்புக்கு வழியாயிற்று. தட்டுகளைக் கம்பிக் கூண்டில் அடுக்கி, வெந்நீரையும் சோப்புநீரையும் வேகமாகப் பாய்ச்சும் ஓர் இயந்திரத்துக்கு 1886-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் அவள் பெயரில் காப்புரிமை பதிவாயிற்று. 1893-இல் சிகாகோ நகரத்துப் பெரிய கண்காட்சியில் அது வேலை செய்து காட்டியது. அதே வருஷம், அந்தக் கண்காட்சியை ஒட்டி நடந்த சர்வமத மகாசபையில்தான் விவேகானந்தர் பேசினார். மனித குலத்தின் ஆத்ம விடுதலைக்கும் அடுக்களை விடுதலைக்கும் ஒரே ஊரில் ஒரே வருஷத்தில் குரல் எழும்பியிருக்கிறது. ஆனால் அந்த இயந்திரத்தை முதலில் வாங்கியவர்கள் ஹோட்டல்காரர்கள்தான். அமெரிக்க வீடுகளில் அது சாதாரணமாகப் புழங்கத் தொடங்கியது 1950-களுக்குப் பிறகுதான்.

நம் ஊருக்கு அது வந்த விதம் வேடிக்கையானது. 2020-ஆம் வருஷம் மார்ச் மாதக் கடைசியில் தேசம் முழுவதும் ஊரடங்கு வந்தது. வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் வர முடியவில்லை. மூன்று வேளையும் எல்லோரும் வீட்டில் சாப்பிட்டார்கள்; அங்கணத்தில் ஏனம் குவிந்தது. அந்த வருஷம் இந்தியாவில் டிஷ்வாஷருக்கு ஏற்பட்ட கிராக்கி அதற்கு முன் ஏற்பட்டதில்லை. வேலைக்காரப் பெண்ணின் அருமை அவள் வராத நாளில் தெரியும் என்பார்கள். அது தெரிந்ததும் நம்மில் பலர் செய்த முதல் காரியம், அவள் இல்லாமலே நடக்க ஒரு இயந்திரம் வாங்கியதுதான்.

பாளையங்கோட்டையில் எனக்கு வேண்டிய ஒரு குடும்பம் அப்படி வாங்கியது. கணவர் ஓய்வு பெற்றவர். மனைவி இன்னும் உத்தியோகத்தில் இருக்கிறவர். ஊரடங்கு தளர்ந்ததும், வழக்கமாக வந்துகொண்டிருந்த பெண் திரும்ப வந்தாள். இயந்திரம் வந்துவிட்டதல்லவா? பெருக்கவும் துணி மடிக்கவும் மட்டும் வரச் சொல்லி, ஏனத்துக்கான தொகையைச் சம்பளத்தில் கழித்துவிட்டார்கள். அதில் ஒரு கணக்கு இருக்கத்தான் செய்தது. அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழிந்தது. இயந்திரத்தைத் திறந்தால் வாடை அடித்தது. டம்ளர்களில் வெள்ளை படிந்தது. தட்டில் மணல் போல ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. மிஷின் மட்டம் என்று கணவர் சொன்னார். சோப்பு மட்டம் என்று மனைவி சொன்னாள். கடைசியில் ஒரு மெக்கானிக் வந்தார். அடித்தட்டை வெளியே இழுத்துவிட்டு, இயந்திரத்தின் தரையில் இருந்த ஒரு வட்டமான வடிகட்டியைத் திருகி எடுத்தார். அதில் முருங்கைக்காய்ச் சக்கை, கறிவேப்பிலை, புளிக்கோது, தேங்காய்ப் பூ, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து ஒரு சாம்ராஜ்யமே நடத்திக்கொண்டிருந்தன. "இதை வாரம் ஒரு தடவை கழுவணும் ஸார்" என்றார் அவர், சாவதானமாக.

இதை வாசிக்கிறவர்களில் அந்த இயந்திரம் வைத்திருப்பவர்களுக்காகச் சற்று விவரமாகவே சொல்கிறேன். நாம் நினைப்பது போல அது அழுக்கை அழித்துவிடுவதில்லை. இடம் மாற்றி வைக்கிறது. சுமார் பத்து லிட்டர் தண்ணீரைத்தான் ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்கிறது. அதையே சூடாக்கி, வடிகட்டி, திரும்பத் திரும்பப் பாய்ச்சுகிறது. கையால் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுகிறவர்கள் இதைப் போலப் பல மடங்கு செலவழிப்பார்கள். தண்ணீர் மிச்சமாகிறது, வாஸ்தவம். ஆனால் அந்த மிச்சம் வடிகட்டியை நம்பித்தான் நடக்கிறது. அது அடைத்துக்கொண்டால் நேற்றைய சாம்பாரிலே இன்றைய தட்டு குளிக்கும். ஆகையால் வாரத்துக்கு ஒரு தடவை அதைக் கழற்றி, குழாயடியில் மெல்லிய பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். கம்பி நார் கூடாது, சல்லடை கிழிந்துபோகும். தண்ணீரைச் சுழற்றி அடிக்கும் கைகள் மேலும் கீழும் இருக்கின்றன. அவற்றின் துவாரங்களில் கடுகும் எலுமிச்சை விதையும் போய் உட்கார்ந்துகொள்ளும். பல்குச்சியால் அவற்றை எடுத்துவிட வேண்டும். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் படுவதே இல்லை. ரப்பர் பட்டையின் மடிப்போடு அதையும் துணியால் துடைக்க வேண்டும். மாதம் ஒரு முறை ஏனம் ஒன்றும் வைக்காமல், எலுமிச்சை உப்பை உள்ளே போட்டு, மிகுந்த சூட்டில் ஓட்டினால் படிந்த சுண்ணாம்பும் பிசுக்கும் கரையும். வேலை முடிந்ததும் கதவைச் சற்றே திறந்து வைத்தால் வாடை தங்காது.

தட்டை வைப்பதற்கு முன் சக்கையையும் எலும்பையும் வழித்துவிட வேண்டும். பளபளவென்று கழுவி வைக்க வேண்டியதில்லை. பித்தளையும் செம்பும் உள்ளே போனால் மெருகு போகும். அலுமினியம் கறுக்கும். இரும்புத் தோசைக்கல் பதம் கெடும். கல்சட்டியும் ஈயச் சொம்பும் அதற்குள் போகவே கூடாது. பாட்டி காலத்துச் சாமான்களுக்கு இன்றைக்கும் கைதான் கதி.

வெள்ளை படிவதற்குக் காரணம் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து. ஆற்றுத் தண்ணீர் வரும் வீடுகளில் இது பொதுவாகக் குறைவு. ஆழ்குழாய்க் கிணற்று வீடுகளில் அதிகம். அந்தச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள இயந்திரத்துக்குள் சிறு மணிகள் நிறைந்த ஒரு பெட்டி இருக்கிறது. கொஞ்ச நாளில் அந்த மணிகளும் நிறைந்துபோகும். அப்போது உப்புத் தண்ணீரால் அவற்றைக் கழுவி மறுபடி தயார் செய்கிறது இயந்திரம். அதற்காகத்தான் தனியாகக் கல்லுப்புப் போல ஒரு சுத்தமான உப்பு விற்கிறார்கள். சமையல் உப்பு கூடாது. இதை அறிந்தபோது நான் வியந்துபோனேன். தட்டைக் கழுவுவது தண்ணீர். தண்ணீரைக் கழுவுவது மணி. மணியைக் கழுவுவது உப்பு. இத்தனைக்கும் அடியில் ஒரு வடிகட்டி; அதைக் கழுவுவது ஒரு மனிதக் கை. எத்தனை படிகள் வைத்தாலும் கடைசிப் படியில் ஒரு கை வேண்டித்தான் இருக்கிறது.

அது யாருடைய கை?

பாளையங்கோட்டை வீட்டில் இந்தக் கேள்விக்கு நிமிஷ நேரத்தில் பதில் கிடைத்துவிட்டது. மறுநாள் காலையில் பெருக்க வந்த பெண்ணிடம், "இதையும் கொஞ்சம் கழுவிப் போட்டிடு, வாரத்துக்கு ஒரு தரம்தானே" என்று சொன்னார்கள். நான் அன்று அங்கே இருந்தேன். அவள் வடிகட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை.

"கழுவுதேன்க்கா, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஏனம் மிஷின் கழுவுதுன்னு சம்பளத்தைக் குறைச்சிட்டீங்க. மிஷினை நான்லா கழுவுதேன்? இது எந்தக் கணக்குல வரும்?" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் நீதி சாஸ்திரங்களில் பக்கம் பக்கமாக எழுதப்பட்ட விஷயம் அந்தக் கேள்வியில் இருந்தது. அந்த வீட்டு அம்மாள் நல்லவள். மறுமாதமே சம்பளம் பழையபடி ஆயிற்று.

"சரி, தீர்ந்தது வழக்கு, காசு கொடுத்தாயிற்று, வேலை நடக்கிறது, இதற்கு மேல் தர்மம் அதர்மம் என்று விசாரிக்க என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கூலிக்கு ஏனம் கழுவுவதில் கேவலம் எதுவும் இல்லை. அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார் நம் ஊரில் எத்தனையோ பேர். 2011-இல் ஜினீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, வீட்டு வேலையும் மற்ற வேலைகளைப் போல உரிமைகள் உள்ள வேலையே என்று ஓர் உடன்படிக்கை செய்தது. "என் வேலையை நானே செய்துகொள்வேன்" என்ற வைராக்கியத்தில் அவளை நிறுத்திவிட்டால், நம் மனச்சாட்சி சுத்தமாகும். அவள் வீட்டு அடுப்பு அணையும். அப்படிப்பட்ட சுத்தம் யாருக்கு வேண்டும்?

ஆனாலும் கூலி என்பது நியாயத்தில் பாதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கூலி அவளுடைய நேரத்துக்கும் உழைப்புக்கும் விலை. எச்சிலோடு நமக்கு இருக்கிற சம்பந்தத்தை அது விலைக்கு வாங்கிவிடுவதில்லை. எச்சிலைப் பற்றி நமக்கு இருக்கும் கூச்சம் பெரிது. பிறர் எச்சில் பட்டால் கை கழுவுகிறோம். நம் எச்சிலைப் பிறர் எடுக்கும்போது மட்டும் அந்தக் கூச்சம் எங்கோ போய்விடுகிறது. இன்ன சாதிக்காரர்தான் இன்ன அழுக்கைத் தொட வேண்டும் என்று ஒரு சமூகத்தையே கட்டி வைத்த மனப்பான்மை இந்தச் சின்ன மறதியில்தான் தொடங்கியது. சில வருஷங்கள் போனால், அழுக்கை உண்டாக்கியவனுக்கு அது தன்னுடையது என்பதே மறந்துபோகிறது. எடுக்கிறவளுடையது என்றே நினைக்கத் தொடங்குகிறான். "அவள் இன்னும் வரவில்லை, அங்கணம் நாறுகிறது" என்கிறோமே, அவள் வராததாலா நாறுகிறது? நாம் சாப்பிட்டதால் அல்லவா நாறுகிறது!

இதற்கு மறுகோடி ஒன்றும் உண்டு. காந்தியடிகள் தம் சத்திய சோதனையில் 1898-இல் டர்பன் வீட்டில் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டில் தங்கியிருந்த குமாஸ்தாக்களின் மூத்திரப் பானைகளை அவரும் கஸ்தூரிபாவுமே எடுத்துச் சுத்தம் செய்து வந்தார்கள். புதிதாக வந்த ஒரு குமாஸ்தா பஞ்சமர் குலத்தில் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய பானையைக் கண்ணீரோடு தூக்கிக்கொண்டு படியிறங்கினார் கஸ்தூரிபா. கணவருக்கு அதுவும் போதவில்லை. சிரித்த முகத்தோடு தூக்க வேண்டும் என்று அதட்டினார். சச்சரவு முற்றி, மனைவியின் கையைப் பிடித்து வாசல் வரை இழுத்துச் சென்றார். பிறகு வெட்கப்பட்டு நின்றார். இதை அவரே எழுதி வைத்தது அவருடைய பெருமை. நமக்கு இதில் பாடம் என்னவென்றால், அழுக்கெடுப்பதைத் தானே செய்கிறவன் உயர்ந்தவன். அதையே அடுத்தவரைச் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறவன், அவன் மகாத்மாவாகவே இருந்தாலும், அந்த நிமிஷத்தில் சாதாரண எஜமானன்தான். அடுக்களைச் சீர்திருத்தத்தில் இறங்கும் கணவன்மார் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. "இனிமேல் நம் வீட்டில் எல்லாரும் அவரவர் தட்டைக் கழுவ வேண்டும்" என்று சாய்வு நாற்காலியில் இருந்தபடி சட்டம் போடுகிறவரின் தட்டை, அநேகமாக வேறு யாரோதான் கழுவுவார்கள்.

வீட்டளவில் நடப்பதுதான் ஊரளவிலும் நடக்கிறது. பொதிகையில் பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது தாமிரபரணி. எங்கள் சீமைக்கு அவள்தான் பெரிய அங்கணம். ஏனம், துணி, உடம்பு எல்லாவற்றையும் கழுவிக் கொடுத்தவள். பாபநாசத்தில் மூழ்கினால் பாவமும் கரையும் என்பது நம்பிக்கை. பாவத்தைக் கழுவுகிறவர்கள் கட்டியிருந்த துணியையும் ஆற்றிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். அந்தத் துணிகளைத் தொண்டர்கள் டன் கணக்கில் வாரிக் கரையேற்றியது உண்டு. ஊர்ச் சாக்கடைகளும் ஆற்றில் சேர்கின்றன. அதைத் தடுக்கச் சொல்லி வழக்குகள் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போயின. எதையும் கழுவித் தருகிறவள் ஆயிற்றே, அவளுக்கு எதற்குக் கழுவல் என்று நினைத்துவிட்டோம். டிஷ்வாஷருக்கு எதற்குக் கழுவல் என்று பாளையங்கோட்டை வீட்டில் நினைத்ததும் இதே நினைப்புத்தான்.

நேர்மாறான ஒரு பழக்கமும் அதே ஆற்றில் உண்டு. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்கு நடுவே இருக்கிறது. வெள்ளம் பெருகும் என்று தெரிந்தால் உற்சவ மூர்த்தியை மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்துவிடுவார்கள். கோயில் மூழ்கும். 2023 டிசம்பர் பெருவெள்ளத்திலும் மூழ்கிற்று. வெள்ளம் வடிந்த பிறகு, "ஆறே வந்து கழுவிவிட்டதே" என்று யாரும் சும்மா இருப்பதில்லை. மண்டபத்தில் படிந்த சேற்றையும் சகதியையும் வாரி வெளியே கொட்டி, கல்லைத் தேய்த்து, தரையைக் கழுவி, அதன் பிறகே பூஜை நடக்கிறது. சேறு அள்ளுவதும் அங்கே சாமி காரியம்தான். இதைக் கண்ணாரக் காண்கிற ஊரில் இருந்துகொண்டு, அடுக்களை வடிகட்டியை அள்ளுவது மட்டும் தாழ்ந்த காரியம் என்று நாம் நினைப்பது விசித்திரம்தான்.

இயந்திரத்தை நான் குறை சொல்லவில்லை. நாள் முழுவதும் அங்கணத்தில் குந்தியிருந்து இடுப்பொடிந்த பெண்களின் தலைமுறையை நான் பார்த்திருக்கிறேன். அந்த இடுப்பு நிமிர எந்த இயந்திரம் வந்தாலும் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து ஆயுத பூஜை செய்யலாம். ஆனால் வருஷத்தில் ஒரு நாள் பொட்டு வைத்தால் மட்டும் போதாது. வாரத்தில் ஒரு நாள் அதன் அடிவயிற்றைத் திறந்து பார்க்கவும் வேண்டும். அந்தக் காரியத்தை அந்த வீட்டில் சாப்பிடுகிறவர்கள் முறை வைத்துச் செய்தால் என்ன? ஒரு வாரம் அப்பா, ஒரு வாரம் அம்மா, ஒரு வாரம் பிள்ளை. ஐந்து நிமிஷ வேலை. உதவிக்கு வருகிற பெண்ணுக்கு அவள் செய்கிற வேலைக்கு முழுச் சம்பளம். அந்த ஒரு வேலை மட்டும் நம்முடையதாக இருக்கட்டும்.

வடிகட்டியைக் கையில் எடுக்கும்போது, இந்த வாரம் நாம் எதைச் சாப்பிட்டோம், எதை வீணாக்கினோம், எவ்வளவு மிச்சம் வைத்தோம் என்பதெல்லாம் அதில் தெரியும். கணக்குப் புத்தகத்தில்கூட அவ்வளவு தெளிவாகத் தெரியாது. நம் எச்சிலை நாமே ஒரு முறை தொட்டுப் பார்த்தவர்களுக்கு, பிறகு அதை எடுக்க வருகிறவளிடம் பேசுகிற குரலே மாறிவிடும். துர்வாசரின் சாபத்திலிருந்து பாண்டவர்களைக் காத்தது கழுவாமல் விட்ட ஒரு பருக்கை. அதைத் தேடிக் கண்டுபிடிக்கக் கண்ணனும் அந்த எச்சில் பாத்திரத்தைத் தன் கையால்தான் வாங்கினான்.